நாலாம் காலாண்டும் மகள் கல்யாணமும்

மார்ச் 31

இன்னிக்கு சாயங்காலம் எங்க ஃபேக்டரி கேட்டைத் தாண்டி ஆறு லாரி போச்சு. எம்.டி. தனபால் சார் வாட்ச்மேன் ரூம் பக்கத்துல நின்னு ஒவ்வொரு வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு அனுப்பினாரு. கடைசி வண்டி போனதும் என்னைப் பார்த்து, "அவ்வளவுதானுங்க சுகந்தி, வருஷம் முடிஞ்சுது. கணக்குல ஏத்திடுங்க"ன்னாரு. வருஷக் கடைசி நாள்ல அவரோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

வேங்கைமலை எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்துல கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் செஞ்ச கம்பெனி. இப்போ ராணுவத்துக்கு, ட்ரோன் வந்தா கண்டுபிடிச்சுச் சொல்ற கருவி செய்யறோம். சரக்கு மாறிடுச்சு, பழக்கம் மாறலை. ஸ்டார்ட்டர் காலத்துல கேட்டைத் தாண்டினா வித்தாச்சுன்னு அர்த்தம். ராணுவத்துக்காரங்க அப்படி இல்லை. அவங்க ஆய்வு அதிகாரி பார்த்து சீல் குத்தினாத்தான் வாங்கினதாக் கணக்கு. எப்பவும் சீல் விழுந்த பிறகுதான் லாரி ஏத்துவோம். இந்தத் தடவை அதிகாரி வந்தாரு, சுத்திப் பார்த்தாரு, "பாலைவன வெயில்ல வெச்சுப் பார்க்காம சீல் கிடையாது"ன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டாரு. ரெண்டு செட்டை சோதனைக்கு ராஜஸ்தானுக்கு அனுப்பியிருக்கோம். பாக்கி நாப்பது செட் இந்த ஆறு லாரியில போய் நீலாம்பூர் பைபாஸ்ல ஒரு லாரி ஷெட்டுல நிக்கப்போகுது. எண்பது கோடி ரூபாய் சரக்கு, போக வேண்டிய ஊருக்கே போகாம, ஆறு கிலோமீட்டர் தள்ளி.

நான் இந்தக் கம்பெனியோட சி.எஃப்.ஓ. கணக்கு மொத்தமும் என் கையெழுத்துலதான் வெளிய போகும். நாளையிலிருந்து மே மாசம் ரிசல்ட் சொல்ற வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் கம்பெனி ஷேரை வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. கம்பெனி எப்படிப் போகுதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அதான் இதை எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னா எனக்கு எங்கயாவது கொட்டியாகணும்.

ஏப்ரல் 2

பால்காரர் கேக்கறாரு, "அக்கா, உங்க கம்பெனி ஷேர் ஆயிரத்தைத் தொடுமா?"

ஏப்ரல் 6

பத்திரிகை வாசகம் பார்க்க சம்பந்தி வீட்டுக்குப் போனோம். எங்க நிவேதாவுக்கும் அவங்க பையன் கௌதமுக்கும் ஜூன் அஞ்சாந்தேதி கல்யாணம். நாச்சிமுத்து அண்ணா சோமனூர் பக்கம் சின்னதா நூல் மில் வெச்சிருக்காரு. வெள்ளந்தி மனுஷன். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. அவரு சம்சாரம் வத்சலா அண்ணி பேங்க்ல அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க பேசறதே கம்மி. கேட்டா பதில் வரும், கேக்கலைன்னா புன்னகை வரும்.

சாப்பிட்டு முடிச்சதும் அண்ணா சொன்னாரு, "தங்கச்சி, அவிநாசி சைட்டை வித்துப்போட்டு மொத்தத்தையும் உங்க கம்பெனி ஷேர்ல போட்டுட்டேன் தெரியுமுங்களா? கௌதமுக்குன்னு வெச்சிருந்த சைட்டு. இனி உங்க கையிலதான் இருக்குது."

எப்போ போட்டாருன்னு கேட்டேன். நிச்சயம் முடிஞ்ச வாரம்னாரு. பொண்ணோட அம்மா அங்கதான் பெரிய பொறுப்புல இருக்காங்க, வேற என்ன யோசனை வேணும்னு நினைச்சாராம்.

"வெச்சுக்கலாமுங்களா?"ன்னு கேட்டாரு.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா"ன்னேன். எல்லாருக்கும் சொல்ற பதில்தான். பல் டாக்டர், மண்டபத்துக்காரர், என் சித்தி மகன், எல்லாருக்கும் இதே பதில்தான். அண்ணா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பார்த்தியா வத்சலா, சொல்ல மாட்டாங்க. நல்லா இருக்கறதுனாலதான் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஏப்ரல் 11

ராஜஸ்தான்ல இருந்து சேதி வந்துடுச்சு. மத்தியான வெயில்ல ரெண்டு செட்டும் ஒரு மணி நேரம் ஒழுங்கா வேலை செஞ்சுதாம். அப்புறம் திரை இருட்டிடுச்சாம். நிழல்ல வெச்சு ஆறவிட்டா மறுபடி வருதாம். எல்லையில நிக்கற ஜவானுக்கு நிழல் தேடி ஓட முடியுமா? அதிகாரி சீல் குத்தலை. உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ற அமைப்பை மாத்திக் கொண்டுவாங்கன்னு சொல்லிட்டாங்க.

நம்ம இன்ஜினியர்ங்க ஜூலைக்குள்ள சரி பண்ணிடலாம்னு சொல்றாங்க. பண்ணிடுவாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. சரக்கு மோசமில்லை, சூடுதான் பிரச்சனை. ஆனா ஜூலை அடுத்த வருஷக் கணக்கு.

எம்.டி. ரூமுக்குப் போய்ச் சொன்னேன். "சார், அந்த எண்பது கோடியை இந்த வருஷ விற்பனையில சேர்க்க முடியாது."

"ஏனுங்க முடியாது? மார்ச்சுலயே கேட்டைத் தாண்டிடுச்சே."

"நீலாம்பூர்லதானே சார் நிக்குது."

"எங்க நின்னா என்னுங்க? ஆர்டர் இருக்குது, பில் இருக்குது, சரக்கு வெளிய போயிடுச்சு. மூணு மாசம் முன்னப்பின்ன. யாரு காசை நாம தின்னோம்?"

அவரு திருடன் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். திருடனா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வேலையை விட்டுட்டுப் போயிடுவேன். இந்த மனுஷன் வீட்டை அடமானம் வெச்சு அறுநூறு பேருக்குச் சம்பளம் குடுத்தவரு. பிப்ரவரியில மும்பை முதலீட்டுக்காரங்களோட பேசற ஃபோன் கூட்டத்துல, இந்த வருஷம் நாப்பது சதவீத வளர்ச்சின்னு நானும் அவரும் சேர்ந்துதான் சொன்னோம். அன்னிக்கு ஷேர் எழுநூத்தம்பது. இன்னிக்கு எண்ணூத்தி எழுபது. அந்த எண்பது கோடியை எடுத்துட்டா வளர்ச்சி நாலு சதவீதம்கூட வராது.

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணு. மாங்காய் பச்சடியில வெல்லம் தூக்கலாப் போச்சு, என் வீட்டுக்காரரு இவரு மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

சம்பந்தி வீட்டுக்காரங்க பழத்தட்டோட வந்திருந்தாங்க. பேச்சு மில்லுப் பக்கம் போச்சு. புது மெஷின் வாங்கணும்னு அண்ணா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நான், "இப்பவே வாங்கிடுங்கண்ணா, கையில இருக்கறதை வெச்சு வாங்கிட்டா வட்டி மிச்சம்தானே"ன்னேன். ஒரு வீட்டு மனுஷியா சொன்ன யோசனைதான். அவரு தலையை ஆட்டிட்டு, "மெஷினுக்கு பேங்க்ல கேட்டுக்கலாம், ஷேரை மட்டும் தொட மாட்டேனுங்க"ன்னு சொல்லிட்டாரு.

நான் ஷேரைப் பத்திப் பேசவே இல்லை. அவராத்தான் பேசினாரு.

ஏப்ரல் 19

தூக்கம் சரியில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். கல்யாண மண்டபத்துக்கு ரெண்டாவது தவணை கட்டியாச்சு.

ஏப்ரல் 27

பெரிய கடைவீதியில நகை எடுத்தோம். ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து போறதுதான் வழக்கம். நிவேதாவுக்கு ஆரமும் வங்கியும் ஒட்டியாணமும்னு பேசி வெச்சிருந்தோம். நான் ஆரம் மட்டும் போதும்னு சொல்லிட்டேன். சேல்ஸ் பையன் ஒட்டியாணத்தை எடுத்து வைக்கறான், நான் "உள்ள வைப்பா"ங்கறேன். இவரு என் முழங்கையைப் பிடிச்சு, "என்னம்மா ஆச்சு உனக்கு?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"ஒண்ணும் ஆகலை. இந்த வருஷம் கையைக் கடிக்கும். எல்லாருமே கொஞ்சம் பார்த்து இருந்துக்கறது நல்லது. போட்டு வெச்சதை எல்லாம் காசாக்கிக் கையில வெச்சுக்கற நேரம் இது"ன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன் போல, பக்கத்து கவுண்டர்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. நாச்சிமுத்து அண்ணா என் எதிர்லதான் உக்காந்து மோர் குடிச்சிட்டு இருந்தாரு. வத்சலா அண்ணி கையில இருந்த வளையலை வெச்சிட்டு என் முகத்தைப் பார்த்தாங்க.

கல்யாணச் செலவைக் கட்டுக்குள்ள வைக்கறது நல்ல பழக்கம். நான் அதுக்குத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லை. நிவேதா ஆட்டோவுல வரும்போது ஒரு வார்த்தை பேசலை. ஒட்டியாணம் போட்டுக்கணும்னு அவளுக்கு ஆசை. இருக்கட்டும், பின்னாடி வாங்கிக் குடுத்தாப் போச்சு.

மே 4

இன்னிக்கு நடந்ததை எழுதவே கை வரலை.

நிவேதா சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னா, "அம்மா, கௌதம் அப்பா இன்னும் அறுபது லட்சத்துக்கு உங்க ஷேர் வாங்கிட்டாராம். மில் மேல பேங்க்ல ஓ.டி. கடன் எடுத்து வாங்கியிருக்காரு."

"ஏன்?"னு கேட்டேன். என் சத்தம் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு.

"நீ நகையைக் குறைச்சியே, அதைப் பார்த்துத்தான். சம்பந்தியம்மா பொண்ணு நகையையே குறைச்சுக் காசை ஷேர்ல போடறாங்கன்னா உள்ள பெரிய விஷயம் இருக்குன்னு சொன்னாராம். எல்லாத்தையும் காசாக்கச் சொன்னியாமே, அதுகூட ஷேர் வாங்கறதுக்குத்தான்னு நினைச்சிருக்காரு. சமத்தும்மா நீ, அப்பாகிட்டகூட சொல்லாம வாங்கறியா?"

நான் ஒரு ஷேரும் வாங்கலைடி, வாங்கவும் கூடாதுன்னு கத்தினேன். புள்ளை மிரண்டுபோய்த் தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, நான் வாயைத் திறந்திருந்தாலும் தப்பு, மூடியிருந்தாலும் அந்த மனுஷனுக்கு நட்டம். ஆனா நான் ரெண்டும் பண்ணலை. பாதி திறந்து பாதி மூடினேன். அந்தப் பாதியை அவரு தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டாரு. இப்போ போய், "அண்ணா, நான் சொன்னதுக்கு அது அர்த்தம் இல்லை"ன்னு சொல்ல முடியுமா? அது என்ன அர்த்தம்னு கேப்பாரே.

நான் எந்த அர்த்தத்துலயும் சொல்லலைன்னு மேல எழுதியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்.

மே 9

எம்.டி. இன்னிக்கு ரூமுக்குக் கூப்பிட்டு உக்காரவெச்சு, டீ சொல்லி, கதவைச் சாத்தினாரு. மூணும் சேர்ந்து நடந்தா அவரு எதையோ கேக்கப்போறாருன்னு அர்த்தம்.

"சுகந்தி, நாலு சதவீத வளர்ச்சின்னு சொன்னா ஷேர் பாதியாப் போகும். ஷேரை அடமானமா வெச்சுத்தான் சூலூர் புது ஃபேக்டரிக்குக் கடன் வாங்கியிருக்கேன். பேங்க்காரன் வந்து நிப்பான். ஃபேக்டரி நின்னா அடுத்த ஆர்டரை எங்க வெச்சுச் செய்யறது? தொள்ளாயிரம் கோடி ஆர்டர் இருக்குது நம்ம கையில. இந்தக் கம்பெனியோட எதிர்காலத்தை ஒரு ரப்பர் சீலுக்காகப் பணயம் வைக்கணுமா?"

அவரு டீயை ஒரு வாய் குடிச்சிட்டு, "உங்க சம்பந்தியும் நம்ம ஷேர் நிறைய வெச்சிருக்காராமே. கல்யாணத்துல அவரு முகம் சிரிச்ச மாதிரி இருக்க வேண்டாமுங்களா?"ன்னாரு.

அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். அவரு சொன்னது தப்புங்கறதுனால இல்லை. அதே நினைப்பு மூணு நாளா என் தலைக்குள்ளயும் ஓடிக்கிட்டு இருக்கறதுனாலதான்.

மே 12

கணக்கை ரெண்டு விதமாப் போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுல எல்லாரும் சிரிக்கறாங்க. சேர்த்துப் போட்டா ஜூலையில உண்மையாகவே சரியாப் போயிடும், யாருக்கும் தெரியாது. அண்ணா ஓ.டி.யை அடைச்சிடுவாரு. நிவேதா சிரிச்சுக்கிட்டே அந்த வீட்டுக்குப் போவா.

ஜூலையில சரியாகலைன்னா? அதுக்கும் அடுத்த மார்ச்சுல இன்னும் எட்டு லாரியை நீலாம்பூருக்கு அனுப்புவோம். அப்புறம் அந்த ஷெட்டுக்காரனுக்கு வாடகை கட்டறதுதான் எங்க தொழிலா இருக்கும்.

மாவு அரைக்கணும்.

மே 16

போர்டு கூட்டம். எண்பது கோடியைச் சேர்க்காம கணக்கை வெச்சேன். "இதுல கையெழுத்துப் போடறேன். இன்னொண்ணுல போட மாட்டேன். வேற ஆளை வெச்சுக்கறதுன்னா இப்பவே எழுதிக் குடுத்துடறேன்"னு சொன்னேன்.

சென்னை ஆடிட்டரும் சீல் இல்லாம விற்பனை இல்லைன்னு என் பக்கம் நின்னுட்டாரு. எம்.டி. ரொம்ப நேரம் ஜன்னல் வழியா லோடிங் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில, "நாளைக்கு ஃபோன்ல நானே சொல்லிக்கறேனுங்க. நீங்க கணக்கை மட்டும் படிங்க"ன்னாரு. என் மேல கோபம்தான். ஆனா சொன்ன வார்த்தையில கோபம் இல்லை.

மே 17

ஃபோன் கூட்டம். லைன்ல எத்தனையோ பேர். நான் கணக்கைப் படிச்சேன். விற்பனை, லாபம், கையிருப்பு.

எம்.டி. சொன்னாரு. சுத்தி வளைக்கலை. கருவி சூடு தாங்கலை, நாங்கதான் சரியா செய்யலை, சரி பண்ணிக்கிட்டு இருக்கோம், அடுத்த வருஷம் பதினஞ்சு சதவீதம் வளர்வோம், அதுக்கு மேல இன்னிக்குச் சொல்ல முடியாதுன்னாரு. எனக்கு அவரு மேல மரியாதை கூடிப்போச்சு. அவருக்கு என் மேல அப்படி ஒண்ணும் கூடியிருக்காது.

மும்பையில இருந்து ஒருத்தர் கேட்டாரு, "எல்லையில பதட்டம் அதிகமானா உங்க ஆர்டர் கூடுமா?" கூடும்னுதான் சொல்லணும். உண்மையும் அதுதான். எங்கயோ யாரோ பயந்து வானத்தைப் பார்க்கறதுலதான் எங்க வளர்ச்சி இருக்குது. அந்த ஆளு நம்ம கருவியை நம்பி நிக்கறப்போ திரை இருட்டிடுச்சுன்னா என்ன ஆகும்னு யாரும் கேக்கலை. அந்தக் கேள்வியை ராஜஸ்தான்ல அந்த அதிகாரி ஒருத்தர் மட்டும்தான் கேட்டாரு. அவரு பேர்கூட எனக்குத் தெரியாது.

மே 21

ஷேர் விலை நாளுக்கு நாள் அடிமட்டத்துல போய் நிக்குது. விக்கறதுக்கு ஆள் இருக்குது, வாங்கறதுக்கு இல்லை. சம்பந்தி வீட்டுல இருந்து ஒரு ஃபோன் இல்லை. கௌதம் நிவேதாகிட்ட பேசறான், ஆனா ரெண்டு நிமிஷத்துல வெச்சுடறான்.

பால்காரரும் ஒண்ணும் கேக்கறதில்லை.

மே 23

நாச்சிமுத்து அண்ணா தனியா வந்தாரு. வாங்கண்ணான்னு கூப்பிட்டு உக்காரவெச்சேன். இவரும் பக்கத்துல உக்காந்தாரு. அண்ணா காபியைத் தொடலை.

"உங்களுக்கு எப்போ இருந்து தெரியுமுங்க தங்கச்சி?"

"ஏப்ரல்லயே தெரியும்ணா."

பேச ஆரம்பிச்சா நிறுத்தாத மனுஷன். நாலே வார்த்தையில சொல்லி முடிச்சாரு. மில் ஓ.டி.க்கு பேங்க்ல நெருக்கியிருக்காங்க. ஐநூத்திப் பத்துக்கு எல்லா ஷேரையும் வித்துட்டு வந்திருக்காரு. பழசும் சேர்த்து வித்ததுல ஓ.டி. அடைஞ்சுடுச்சு. மிச்சம் ஒண்ணும் பெருசா இல்லை. சைட் போச்சு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா? வேண்டாம்ணா, இருங்கண்ணான்னு ஒரு வார்த்தை?"

"சொன்னா சட்டப்படி குத்தம்ணா. என்னை உள்ள வைப்பாங்க."

"நான் யாரோ இல்லீங்களே"ன்னாரு. குரல் உடைஞ்சுடுச்சு. இவரு அவரு தோள்ல கை வெச்சாரு. அண்ணா அந்தக் கையை மெதுவா எடுத்துவிட்டுட்டு, "வரேன் மச்சான்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

நிவேதா உள் ரூம்ல இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. வெளிய வந்து, "உனக்கு எல்லாம் தெரிஞ்சும் எப்படிம்மா அவங்க வீட்டுல போய் உக்காந்து சாப்பிட்டே?"ன்னு கேட்டா. அழுதுட்டேன். மகள் முன்னாடி அழுதது இதுதான் முதல் தடவை.

மே 26

இன்னும் ஃபோன் இல்லை. சமையல்காரர் எத்தனை இலைன்னு கேக்கறாரு. நாளைக்குச் சொல்றேன்னேன்.

மே 27

காலையில அண்ணாவே கூப்பிட்டாரு. "கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்லீங்க. சமையலுக்குச் சொல்லிடுங்க"ன்னாரு. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வாயைத் திறக்காம இருந்ததுதான் சரின்னு வத்சலா மூணு நாளாச் சொல்றா. யோசிச்சுப் பார்த்தேன். சொந்த சம்பந்திக்கே சொல்லாதவங்க வேற யாருக்குச் சொல்லப்போறாங்க. அந்த மாதிரி வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றது எங்களுக்குப் பெருமைதானுங்க"ன்னாரு.

ஃபோனை வெச்சிட்டு நாற்காலியில உக்காந்தவ ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லை. இவரு வந்து, "நல்ல சேதிதானே, ஏன் இப்படி உக்காந்திருக்கே?"ன்னாரு. நல்ல சேதிதான்னேன்.

மே 29

கம்பெனி செக்ரட்டரி இமானுவேல், சொந்தக்காரங்க யாராவது இந்த ரெண்டு மாசத்துல ஷேர் வாங்கி வித்தாங்களான்னு எழுதிக் கேட்டிருந்தாரு. சம்பந்தி ஆகப்போறவர் ரிசல்ட்டுக்கு முன்னாடி வாங்கினாரு, அப்புறம் வித்தாருன்னு எழுதிக் குடுத்தேன்.

அவரு படிச்சிட்டு, "இதுல என்ன மேடம் இருக்குது? விஷயம் தெரிஞ்சவன் விழப்போற ஷேரைக் கடன் வாங்கியா வாங்குவான்? அவரு நட்டமே உங்களுக்குச் சாட்சி. இதே மனுஷன் ஏப்ரல்ல வித்திருந்தாருன்னு வைங்க, நகைக்கடையில என்ன பேசினீங்க, சாப்பாட்டுல என்ன பேசினீங்கன்னு தோண்டி எடுத்திருப்பாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நகைக்கடைன்னு அவரு ஏதோ உதாரணத்துக்குச் சொன்னதுதான். எனக்கு வேர்த்துடுச்சு.

ஜூன் 5

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. முகூர்த்த நேரத்துக்கு மழை வந்து நின்னுச்சு. நிவேதா அழகா இருந்தா.

வந்தவங்ககிட்ட எல்லாம் நாச்சிமுத்து அண்ணா என்னைக் காட்டி, "எனக்கே ஒரு வார்த்தை சொல்லலீங்க. நெருப்பு மாதிரி. இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்?"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நட்டத்தைப் பத்திக்கூட ஒரு பெருமையாப் பேசறாரு. எம்.டி. வந்திருந்தாரு, அவருகிட்டயும் சொன்னாரு. எம்.டி. என்னைப் பார்த்து லேசாத் தலையை அசைச்சாரு. நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேன். வேற என்ன செய்யறது?

ஜூன் 7

மறுவிருந்துக்கு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். ஆம்பளைங்க எல்லாம் மில்லைப் பார்க்கப் போயிட்டாங்க. புதுசா வந்த பொண்ணைச் சுத்தி சொந்தக்காரப் பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. நானும் வத்சலா அண்ணியும் சமையல்கட்டுல வெத்தலை துடைச்சுக்கிட்டு இருந்தோம்.

எனக்குப் பொறுக்கலை. "அண்ணி, அண்ணா என்னை இப்படித் தூக்கிவெச்சுப் பேசறாரு. அவ்வளவுக்கு நான் ஆள் இல்லை. நகைக்கடையில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தெரியுமுங்க"ன்னாங்க, வெத்தலையில இருந்து கண்ணை எடுக்காம.

"என்ன தெரியும்?"

"நீங்க ஒட்டியாணத்தை உள்ள வைக்கச் சொன்னப்பவே தெரியும். இருபத்தெட்டு வருஷம் கடன் பிரிவுல இருந்தேனுங்க. பொண்ணு நகையில கை வைக்கறவங்க லாபம் வருதுன்னு வைக்க மாட்டாங்க. உங்க அண்ணனை ஷேரை வித்துட்டு வெளிய வரச் சொல்றீங்கன்னு புரிஞ்சுது."

என் கை நின்னுடுச்சு. "அப்போ அண்ணாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அன்னிக்கே வித்திருப்பாரு. சும்மா விப்பாரா? வித்ததை ஊரெல்லாம் சொல்லுவாரு. சம்பந்தியம்மா ஜாடை காட்டினாங்க, தப்பிச்சேன்னு மில்லுக்கு வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. எங்க பேங்க்ல ஒருத்தருக்கு இப்படித்தான் மச்சான் வாயால வேலை போய், கேஸும் நடந்துச்சு. நான் போய்ப் பார்த்திருக்கேன் அந்தக் குடும்பத்தை." வெத்தலையை அடுக்கி நரம்பு கிள்ளினாங்க. "சும்மா இருந்தா சைட்டோட போகும்னு நினைச்சேன். அவரு இன்னும் வாங்குவாருன்னு நினைக்கலை. வாங்கிட்டு வந்து சந்தோஷமாச் சொன்னாரு. அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. கௌதம் அப்போதான் நிவேதாகூட ஃபோன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தான். மருமகளோட அம்மா கோர்ட்டுக்கு நடக்கறதை விட இது பரவாயில்லைன்னு முழுங்கிட்டேன்."

அவங்க ரெண்டு பேரும் முப்பது வருஷம் காசு சேர்த்து வாங்கின சைட்டு. நான் ஏதோ சொல்ல வந்தேன். நான் எப்படியாவது திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்ல வந்தேன்னு நினைக்கறேன். எதுக்காகக் குடுக்கறேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? குடுக்கறதுக்குக்கூட வழி இல்லாம போச்சு.

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்"னாங்க. "அவரு அந்தப் பெருமையிலதான் நட்டத்தைத் தாங்கிக்கிட்டு இருக்காரு. அதையும் எடுத்துட்டா மனுஷன் உடைஞ்சிடுவாரு."

சரிங்கண்ணின்னேன். என் கண்ணு நிறைஞ்சுடுச்சு. அவங்க முந்தானையால என் கன்னத்தைத் துடைச்சுவிட்டாங்க. அப்புறம் என்னை நேராப் பார்த்து, கோபமும் இல்லாம சிரிப்பும் இல்லாம சொன்னாங்க.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் சுகந்தி. இனி எங்க மேல பாவப்படாதீங்க. நீங்க பாவப்பட்டுப் பாதி வாயைத் திறந்தா, அதை மூடறதுக்கு நாங்கதான் வித்துக் கட்ட வேண்டியிருக்குது."

வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு, ஆம்பளைங்க வந்துட்டாங்க. அண்ணி வெத்தலைத் தட்டை என் கையில குடுத்தாங்க. நான் எடுத்துக்கிட்டுப் போய் முதல்ல நாச்சிமுத்து அண்ணாகிட்ட நீட்டினேன். அவரு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.